தாங்குரிமையும் நீருரிமையும்: நிலக்கரிச் சுரங்கத் தாக்கங்களை மதிப்பிட்ட வரலாறும் நெய்வேலியும்

ஆய்வுச் சுருக்கம்

நிலக்கரி தோண்டுவதால் நிலத்துக்கு நேரும் கேடுகள் இரண்டு. ஒன்று நிலம் தாழ்தல். மற்றொன்று நிலத்தடி நீர் வடிதல். இவ்விரண்டும் ஒரே செயலின் விளைவுகளாயினும் சட்டமும் நிர்வாகமும் அவற்றை ஒரே அளவுகோலால் அளக்கவில்லை. நிலத்தாழ்வு இழப்பீட்டுக்குரிய தீங்காகக் கருதப்பட்டது. நீரிழப்போ நெடுங்காலம் கணக்கில் வராத தீங்காகவே இருந்தது. ராணிகஞ்சு, ஜரியா ஆகிய நிலத்தடிச் சுரங்கப் பகுதிகளின் வரலாற்றையும் நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து இவ்வேறுபாட்டின் வேர்களை இக்கட்டுரை ஆராய்கிறது. நெய்வேலியில் நிலத்தடி நீர் தொடக்கம் முதலே அளக்கப்பட்டது. ஆனால் அது சுரங்கத்தின் காப்புக்காக அளக்கப்பட்டதேயன்றி உழவரின் கிணற்றுக்காக அன்று என்பது கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, நிலத்தடி நீர், நிலத்தாழ்வு, ஊற்றுக்கிணறு, நெய்வேலி, வெள்ளாற்றுப் படுகை, வசதியுரிமைச் சட்டம்

முன்னுரை

தமிழக ஆற்றுப் படுகைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஓடும் நீரையே பேசுகின்றன. ஏரி, கால்வாய், அணை, பாசன உரிமை ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நிலத்துக்கு அடியில் உள்ள நீரின் வரலாறு அவ்வாறு எழுதப்படவில்லை. கண்ணுக்குப் புலப்படாத நீர் ஆவணங்களிலும் குறைவாகவே புலப்படுகிறது என்பது அதற்கு ஒரு காரணம். நிலத்தடி நீர் ஆவணங்களில் இடம்பெறும் தருணங்கள் சிலவே: கிணறு வற்றும்போது, நீதிமன்றத்தில் வழக்கு எழும்போது, ஒரு பெருந்தொழில் அந்நீரைத் தடையாகக் காணும்போது.

இவற்றுள் மூன்றாவதற்குத் தமிழகத்தில் கிடைக்கும் முதன்மையான சான்று நெய்வேலி. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் தோன்றும் வெள்ளாறு கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதிக்கு வடக்கே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி வயல் அமைந்துள்ளது. மலையில் தொடங்கிக் கடலில் முடியும் இப்படுகையின் இரு முனைகளிலும் நிலத்தடி நீர் முற்றிலும் வேறான இயல்புகளை உடையது. அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வது நெய்வேலியில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்வதற்கு முதற்படியாகும்.

வெள்ளாற்றுப் படுகையின் இரு நிலவியல் முகங்கள்

அரூரை அடுத்த சித்தேரி மலைப்பகுதி மிகப் பழமையான படிகப் பாறைகளால் ஆனது. சார்னோகைட்டும் நைசும் அங்கு மிகுதி. இப்பாறைகளில் நிலக்கரி கிடையாது. நீரும் பாறையின் உடலில் தங்குவதில்லை. மேலே சிதைந்த மண்ணிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலையூர்களில் ஒரு கிணற்றில் நீர் இருக்க, சிறிது தொலைவில் தோண்டிய மற்றொரு கிணறு வறண்டு கிடப்பது இயல்பு. ஓர் ஊரின் நீர் அவ்வூரின் மழையைச் சார்ந்தது. அண்டை ஊரார் இறைப்பதால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை.

படுகையின் கிழக்குப் பகுதி இதற்கு நேர்மாறானது. விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலிப் பகுதிகளில் கடலூர் மணற்கல் எனப்படும் படிவுப் பாறை பரந்துள்ளது. மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து கடலை நோக்கிச் சரிந்துள்ளன. மேற்கே மணல் அடுக்குகள் தரைக்கு வரும் இடங்களில் மழைநீர் உட்புகுகிறது. கிழக்கே செல்லச் செல்ல அந்நீர் களிமண் அடுக்குகளுக்கும் பழுப்பு நிலக்கரிப் படிவுக்கும் கீழே அடைபட்டு அழுத்தம் பெறுகிறது. துளையிட்டால் அது தானே மேலெழும். தாழ்வான இடங்களில் தரைக்கு மேலேயே பொங்கி வழியும். இத்தகைய ஆர்ட்டீசியன் ஊற்றுக்கிணறுகள் இப்பகுதி வேளாண்மைக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தன. இறைக்கும் செலவின்றிக் கிடைத்த நீர் அது.

அடைபட்ட நீர்த்தாங்கியின் மற்றோர் இயல்பும் கருதத்தக்கது. அதில் ஓரிடத்தில் அழுத்தம் குறைந்தால் அக்குறைவு பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பரவும். சித்தேரியின் வெடிப்பு நீர் ஓர் ஊரின் உடைமை எனில், நெய்வேலியின் அழுத்த நீர் ஒரு வட்டாரத்தின் பொது உடைமை. ஒருவர் துளையிட்டுத் திறந்துவிட்டால் அனைவரின் மட்டமும் இறங்கும். இந்நிலையில் தீங்கு நேர்ந்தது என்பதை உணர்வது எளிது. யாரால், எவ்வளவு என்று காட்டுவது கடினம்.

நிலத்தடிச் சுரங்கமும் நிலத்தாழ்வும்: ராணிகஞ்சு, ஜரியா

இந்தியாவில் நிலக்கரித் தொழில் 1774இல் ராணிகஞ்சுப் பகுதியில் சம்னர், ஹீட்லி என்னும் இரு ஆங்கிலேயர் பெற்ற உரிமத்துடன் தொடங்கியது. 1830களில் துவாரகாநாத் தாகூரின் கார் தாகூர் நிறுவனம் இத்தொழிலில் இறங்கியது. 1850களில் இருப்புப்பாதை வந்தபின் தோண்டும் அளவு பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜரியா வயலும் திறக்கப்பட்டது.

இச்சுரங்கங்களில் பெரிதும் கையாளப்பட்டது தூண் விட்டுத் தோண்டும் முறை. கரிப்படிவில் குறுக்கும் நெடுக்குமாகப் பாதைகள் வெட்டி, இடையே கரியையே தூண்களாக விட்டுவைப்பர். மேலே உள்ள பாறையை அத்தூண்கள் தாங்கும். இறுதிக் கட்டத்தில் தூண்களையும் வெட்டி எடுத்தால் கூரை இடிந்து விழும். இடிவு மேல்நோக்கிப் பரவி, தரையில் பள்ளமாகவும் வெடிப்பாகவும் வெளிப்படும். கரிப்படிவு தரைக்கு அருகில் இருந்தால் தாழ்வு திடீரென நிகழும். ஆழத்தில் இருந்தால் மெல்லப் பரவலாக நிகழும். வெற்றிடத்தை ஆற்று மணலால் நிரப்புவது இதற்கு மாற்று. தூண்களை மெலிதாக்கிவிட்டு மணல் நிரப்பாமல் சென்ற பழைய சுரங்கங்களின் வரைபடங்கள் பல இடங்களில் முழுமையாக இல்லை. எந்த வீட்டின் அடியில் வெற்றிடம் உள்ளது என்பதே தெரியாத நிலை அவ்வாறுதான் உருவானது.

நிலம் தாழும்போது நீரும் உடன் செல்கிறது. கூரையில் விழும் வெடிப்புகள் மேலே உள்ள நீர்த்தாங்கியைச் சுரங்கத்தோடு இணைத்துவிடுகின்றன. ஊர்க் கிணறுகளும் குளங்களும் சுரங்கத்துக்குள் வடிகின்றன. கைவிடப்பட்ட சுரங்கங்கள் பின்னர் நீரால் நிறைந்து, அடுத்த சுரங்கத்துக்கு ஆபத்தாக நிற்கின்றன. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாச் சுரங்கத்தில் பழைய வெட்டுகளில் தேங்கியிருந்த நீர் உடைத்துப் புகுந்ததில் 375 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மேலே கிணற்றில் இல்லாமற்போன நீர் கீழே தொழிலாளரின் உயிரைப் பறிக்கும் நீராக மாறும் இவ்விணைப்பு, நீரையும் நிலத்தையும் தனித்தனியே மதிப்பிட இயலாது என்பதைக் காட்டுகிறது.

ஆயினும் அரசின் கவனம் நிலத்தின் மீதே குவிந்தது. ஜரியாவில் 1916இல் சுரங்கத் தீ பதிவாயிற்று. 1939இல் மணல் நிரப்புதலுக்கென நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, கரியின் மீது வரி விதித்து அதற்கான நிதி திரட்டப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1997இல் அசன்சோல் நாடாளுமன்ற உறுப்பினர் ஹராதன் ராய் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கு, தாழும் நிலத்தில் வாழும் மக்களின் மறுகுடியமர்வை நாட்டின் சிக்கலாக்கியது. 2009இல் ஜரியா, ராணிகஞ்சுப் பகுதிகளுக்கு ஏறத்தாழ 7,112 கோடி ரூபாய்ப் பெருந்திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. 2025இல் ஜரியாவுக்கென 5,940 கோடி ரூபாய்த் திருத்திய திட்டம் ஏற்கப்பட்டது. இவ்வரலாற்றில் தாழ்ந்த நிலத்துக்கு வரியும் வழக்கும் திட்டமும் உள்ளன. வற்றிய கிணற்றுக்கென அவற்றுக்கு நிகரான எதுவும் இல்லை.

சட்டத்தின் இரு அளவுகோல்கள்

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. அதன் வேர் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டத்தில் உள்ளது. 1843இல் முடிவான ஆக்டன் எதிர் பிளண்டல் வழக்கு இங்குக் குறிப்பிடத்தக்கது. லங்காஷயரில் ஒருவர் நிலக்கரிக்காகக் குழி வெட்டியதால் அண்டை நிலத்துப் பஞ்சாலையின் கிணறு வற்றியது. ஆலை உரிமையாளர் இழப்பீடு கேட்டார். தன் நிலத்தில் தோண்டுபவர் அடிநீரை வடித்துவிட்டாலும் அது சட்டப்படி தீங்காகாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரின் போக்கு எவருக்கும் தெரியாதது. தெரியாத ஒன்றின்மீது உரிமை கொள்ள இயலாது என்பது அதன் உட்கருத்து. நிலத்தின் தாங்குதலைப் பொறுத்தவரை அச்சட்டம் வேறாகப் பேசியது. அண்டை நிலமும் அடிநிலமும் தம் நிலத்தைத் தாங்கி நிற்பது நில உரிமையாளரின் இயற்கை உரிமை என ஏற்றது. அடியில் தோண்டுவதால் நிலம் சரிந்தால் தோண்டியவரே பொறுப்பு. ஆனால் அடிநீர் வடிந்ததால் நிலம் அமிழ்ந்தால் அப்பொறுப்பு இல்லை என 1869இல் முடிவான பாப்பிள்வெல் எதிர் ஹாட்கின்சன் வழக்கு கூறிற்று. மண்ணின் தாங்குதலுக்கு உரிமை உண்டு; நீரின் தாங்குதலுக்கு இல்லை என்பது இதன் சாரம்.

இக்கோட்பாடு 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. அச்சட்டத்தின் 7ஆம் பிரிவின் விளக்க எடுத்துக்காட்டுகளில் இரண்டும் அருகருகே உள்ளன: இயற்கை நிலையில் உள்ள நிலத்துக்கு அண்டை நிலமும் அடிநிலமும் அளிக்கும் தாங்குதல் உரிமை, வரையறுத்த கால்வழியில் ஓடாத அடிநீரைத் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளும் உரிமை. முதலாவது அண்டையாரைக் காக்கிறது. இரண்டாவது தோண்டுபவரைக் காக்கிறது. இச்சட்டம் முதற்கண் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. நெய்வேலியில் சுரங்கம் வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, அங்கு எழப்போகும் கேள்விக்கான விடை சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

நெய்வேலி: நீரே முதற்சிக்கல்

1930களில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருநிறத் துகள்கள் வெளிப்பட்டதாகவும், அவற்றை அவர் அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றதாகவும் கூறுவர். இந்நிகழ்வு பெரும்பாலும் கரியைக் கண்ட கதையாகவே சொல்லப்படுகிறது. நீரைத் தேடியபோது கரி கிடைத்த கதையாகவும் அதனை வாசிக்கலாம். பின்னர் கரியைத் தேடியபோது நீர் குறுக்கிட்டது.

1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை துளையிட்டு ஆராய்ந்தது. விடுதலைக்குப் பின் சென்னை அரசு இம்முயற்சியை முன்னெடுத்தது. சுரங்கப் பொறியாளர் எச். கே. கோஷ் ஆய்வுகளை வழிநடத்தினார். அமெரிக்கப் பொறியாளர் பால் எய்ரிச்சின் அறிவுரையும் பிரித்தானிய நிறுவனமான பவல் டஃப்ரினின் அறிக்கையும் பெறப்பட்டன. 1953இல் சோதனைக் குழி திறக்கப்பட்டது. 1956 நவம்பரில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படிவு வெளிப்பட்டது. 1962இல் சோவியத் ஒத்துழைப்புடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது.

இக்காலத்து முதன்மைக் கேள்வி கரி உள்ளதா என்பதன்று, அதனை நீருக்கிடையே எடுக்க இயலுமா என்பதே. படிவுக்கு மேலே நீர் செறிந்த மணற்கல். கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர். கரிப்படிவின் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான மேல்நோக்கிய அழுத்தம் உள்ளதெனச் சுரங்க நிறுவனம் குறிப்பிடுகிறது. இது 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தூணின் எடைக்கு நிகர். மேல்மண் நீக்கப்பட்டால் அந்த அழுத்தத்தைத் தடுத்து நிற்கும் சுமை குறையும். சுரங்கத்தின் தளமே பெயர்ந்து நீர் பீறிட்டெழும். இத்தகைய நிலத்தில் ராணிகஞ்சு முறையில் பாதை வெட்டித் தூண் விட்டுத் தோண்டுவது பொருந்தாது. தளர்ந்த, நீர் ஊறிய கூரையையும் மேல்நோக்கித் தள்ளும் தளத்தையும் மென்மையான பழுப்பு நிலக்கரித் தூண்கள் தாங்கா. ஆகவே திறந்தவெளி முறையே தேர்ந்தெடுக்கப்பட்டது. சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் இடைவிடாது நீர் இறைத்து, அழுத்தத்தைக் கரிப்படிவின் மட்டத்துக்குக் கீழே இறக்குவது அதன் இன்றியமையாத பகுதி. நாள்தோறும் வெளியேற்றப்பட்ட நீரின் எடை, எடுக்கப்பட்ட கரியின் எடையைப் பல மடங்கு மிஞ்சியது. அவ்வகையில் நெய்வேலி கரிச்சுரங்கம் மட்டுமன்று. தமிழகத்தின் மிகப் பெரிய தொடர் நீரிறைப்பு நிலையங்களுள் ஒன்றுமாகும்.

எனவே நெய்வேலியில் ஜரியாவைப் போல வீடுகளின் அடியில் வெற்றிடம் உருவாகவில்லை. நிலம் தாழ்வதற்கு மாறாக நிலமே அகற்றப்பட்டது. ஊர்கள் இடம் பெயர்க்கப்பட்டன. தாங்குரிமை குறித்த கேள்வி நில எடுப்பாலும் இழப்பீட்டாலும் முடித்துவைக்கப்பட்டது. நீர் குறித்த கேள்வி எடுக்கப்பட்ட நிலத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. வேலிக்கு அப்பால் உள்ள உழவரின் நிலம் எடுக்கப்படவில்லை; ஆகவே அவருக்கு இழப்பீடும் இல்லை. ஆனால் அவர் கிணற்றின் அழுத்தம் எடுக்கப்பட்டது.

யாருக்காக அளக்கப்பட்டது

நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீர் தமிழகத்தில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட நீர்த்தாங்கிகளுள் ஒன்று. கண்காணிப்புத் துளைகள், இறைப்புச் சோதனைகள், பிற்காலத்தில் கணினி மாதிரிகள் எனத் தரவு பெருகியது. எத்தனை கிணறுகளில் எவ்வளவு இறைத்தால் அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்பதே அவற்றின் அடிப்படைக் கேள்வி. குறைந்த இறைப்பில் சுரங்கத் தளத்தைக் காப்பது குறிக்கோள். இதனால் இறைப்பு காலப்போக்கில் சிக்கனமடைந்தது; அது பயனுள்ளதே. எனினும் சுற்றுப்புற ஊர்களில் ஊற்றுக்கிணறுகள் பொங்குவது நின்ற ஆண்டு எது, எத்தனை உழவர் கிணற்றை ஆழப்படுத்தினர், மின்மோட்டாருக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கும் அவர்கள் இட்ட செலவு என்ன என்பன அக்கேள்வியின் பகுதியாக இருக்கவில்லை. அடைபட்ட நீர்த்தாங்கியில் மட்டம் இறங்குவது பொறியாளருக்கு வெற்றி. அதே இறக்கம் உழவருக்கு இழப்பு. ஒரே எண் இரு பொருள் தந்தது. முதற்பொருளே பதிவேட்டில் ஏறியது.

இங்கு எதிர்வாதத்தையும் கருத வேண்டும். இப்பகுதியில் மட்டம் இறங்கியதற்குச் சுரங்கம் மட்டுமே காரணமன்று. பசுமைப் புரட்சிக்குப் பின் நெல்லும் கரும்பும் பரவின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. 1990 முதல் தமிழகத்தில் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. வேளாண் இறைப்பின் மொத்த அளவு சுரங்க இறைப்பை விட மிகுதி என்னும் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் அதில் வரிசைமுறை மறைந்துவிடுகிறது. பொங்கி வழிந்த கிணற்றுக்கு மோட்டார் தேவையில்லை. அழுத்தம் இறங்கிய பிறகே இறைப்பு தேவையாயிற்று. இறைப்பு எளிதானபின் அது பெருகிற்று. பின்னதை முன்னதற்குக் காரணமாகக் காட்டுவது வரலாற்று முறைக்குப் பொருந்தாது. சுரங்கம் தொடங்குவதற்கு முந்தைய உழவர் கிணறுகளின் நிலை முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் இரு காரணங்களையும் பிரித்து எடைபோட முடிந்திருக்கும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994 அறிவிக்கை மூலமே இந்தியாவில் கட்டாயமாயிற்று; மக்கள் கருத்துக் கேட்பு 1997இல் சேர்ந்தது. முதல் சுரங்கமும் 1970களின் இறுதியில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் சுரங்கமும் இவற்றுக்கு முற்பட்டவை. அதன்பின் வந்த ஒவ்வொரு விரிவாக்கத்தின் மதிப்பீடும், ஏற்கெனவே இறங்கிவிட்ட மட்டத்தையே தொடக்க நிலையாகக் கொண்டது.

நிலத்தாழ்வு குறித்த ஓர் ஐயமும் இதனோடு இணைந்தது. அடைபட்ட நீர்த்தாங்கியில் அழுத்தம் குறையும்போது, அதுவரை நீர் தாங்கிய சுமையின் ஒரு பகுதி மண்துகள்களுக்கு மாறுகிறது; களிமண் அடுக்குகள் இறுகுகின்றன; தரை மெல்ல அமிழ்கிறது. கலிபோர்னியாவின் சான் ஜோவாக்கின் பள்ளத்தாக்கில் பாசன இறைப்பால் அரை நூற்றாண்டில் ஏறத்தாழ 9 மீட்டர் வரை நிலம் தாழ்ந்தது. அங்குச் சுரங்கம் எதுவும் இல்லை. ஆகவே நிலத்தாழ்வு நிலத்தடிச் சுரங்கத்துக்கு மட்டுமே உரியது என்னும் பொதுக்கருத்து முழுமையானதன்று. கடலோர வட்டாரத்தில் இதற்கு மற்றொரு கூறும் உண்டு. நன்னீரின் அழுத்தமே உவர்நீரைக் கடற்பக்கம் நிறுத்திவைப்பது. அது குறையின் உவர்நீர் உட்புகும் வாய்ப்பு கூடும்.

இறைத்த நீரின் பயணம்

சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் வீணாயிற்று என்று கூறுவதும் முழு உண்மையன்று. அனல்மின் நிலையங்களும் நெய்வேலி நகரியமும் அதனைப் பயன்படுத்தின. எஞ்சியது பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனத்துக்கு உதவியது. மழையை எதிர்நோக்கிய ஏரிகளுக்கு ஆண்டு முழுதும் வரத்து கிடைத்தது. 2004இல் புதிய வீராணம் திட்டம் சென்னைக்கு நீர் கொண்டுசென்றபோது, நெய்வேலிப் பகுதி நிலத்தடி நீரும் அத்திட்டத்துக்குத் துணையாயிற்று.

இப்பயணத்தை வரைபடத்தில் வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இழந்தவரும் பெற்றவரும் ஒருவர் அல்லர். மேட்டு நிலத்தில் மணிலாவும் முந்திரியும் பலாவும் வளர்க்கும் உழவரின் கிணற்று அழுத்தம், தாழ்நிலத்து ஏரி ஆயக்கட்டுக்கும் தொலைநகரத்துக் குழாய்க்கும் நீராக மாறியது. மொத்தக் கணக்கில் இது பயனாகத் தோன்றும். ஊர்வாரிக் கணக்கில் இது ஒரு கைமாற்றம். தாக்க மதிப்பீடு மொத்தக் கணக்கோடு நின்றுவிடும்போது இக்கைமாற்றம் மறைந்துபோகிறது. மேலும் ஏரிக்கு வரும் நீர் சுரங்கம் இயங்கும் வரையே வரும். சுரங்கம் மூடும் நாளில் பெற்றவரும் இழப்பவராவர்.

ரூர், ரைன்லாந்து: ஓர் ஒப்பீடு

நெய்வேலிச் சுரங்கத்துக்கு வாளிச் சக்கர அகழ்பொறிகள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அந்நாட்டின் நிலக்கரி வரலாறு இரு வகைச் சுரங்கத்துக்கும் சான்று தருகிறது. ரூர் பகுதியில் நிலத்தடிச் சுரங்கத்தால் சில இடங்களில் நிலம் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. ஆறுகளின் சரிவு குலைந்து கழிவுநீர் தேங்கியதால் 1899இல் எம்ஷர் நீர்க் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. 2018 டிசம்பரில் கடைசி நிலத்தடிக் கரிச்சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் இறைப்பு நிற்கவில்லை. தாழ்ந்த நிலம் நீரில் மூழ்காதிருக்கவும் சுரங்க நீர் குடிநீரில் கலவாதிருக்கவும் காலவரையின்றி இறைக்க வேண்டியுள்ளது. இச்செலவை ஏற்கவே 2007இல் தனி அறக்கட்டளை ஒன்று உருவாக்கப்பட்டது.

ரைன்லாந்தின் பழுப்பு நிலக்கரி வயல் நெய்வேலியை ஒத்தது: திறந்தவெளி, ஆழமான நீரிறைப்பு, பரவலான மட்ட இறக்கம். அங்கு 1958இல் தனிச் சட்டத்தின் மூலம் பெரு எர்ஃப்ட் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. சுரங்க நிறுவனமும் ஊராட்சிகளும் நீர் பயன்படுத்துவோரும் அதன் உறுப்பினர். சுரங்கத்தின் வேலிக்கு வெளியே நிகழும் நீர்மட்ட மாற்றத்தை ஆராய்வதும் நீர் வழங்கலை உறுதிசெய்வதும் அதன் பணி. நெய்வேலியில் சுரங்கம் தொடங்கிய மறு ஆண்டு அது. ஒத்த தொழில்நுட்பத்தோடு இயங்கிய இரு வயல்களுள் ஒன்றில் நீரை அளப்பவர் சுரங்கத்துக்கு அப்பாற்பட்ட அமைப்பினர். மற்றதில் சுரங்கமே அளவையாளரும் ஆயிற்று. பொறிகள் கடல் கடந்து வந்தன. நிறுவன அமைப்பு வரவில்லை.

மீத்தேன் எதிர்ப்பு முதல் வளையமாதேவி வரை

2010இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படிவ மீத்தேன் எடுக்க உரிமம் வழங்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் நீரே மையமாக இருந்தது. மீத்தேனை விடுவிக்கக் கரிப்படிவின் நீரை முதலில் வெளியேற்ற வேண்டும் என்பதை இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் உள்ளிட்டோர் ஊர் ஊராகச் சென்று விளக்கினர். கிணறு வற்றிய பிறகு முறையிடுவதற்கு மாறாக, இறைப்புக்கு முன்பே கேள்வி எழுந்தது இங்குதான். 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்புக்கான புதிய திட்டங்களைத் தடுத்தது. ஏற்கெனவே இயங்கும் திட்டங்களை அது தொடவில்லை. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் இடம்பெற்றுப் பின் நீக்கப்பட்டன.

அதே ஆண்டு சூலையில் வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக விளைந்துநின்ற நெற்பயிரில் மண்வெட்டும் பொறிகள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது; உழவர் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்வழக்கிலும் மேற்பரப்பில் கண்ட இழப்பே, அதாவது பயிரே, தொகையாக மாற்றப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் தீங்கை உடனே அளக்கும் ஆற்றல் சட்டத்துக்கு உண்டு; தெரியாத தீங்கை அளக்கும் கருவி இன்னும் அதன் கையில் இல்லை.

நிலத்தடி நீர் குறித்த சட்டச் சிந்தனை மாறாமலும் இல்லை. 2003இல் பிளாச்சிமடை வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நிலத்தடி நீரைப் பொதுச் சொத்தாகக் கண்டார். 2005இல் அமர்வு அம்முடிவை மாற்றியது. தமிழகத்தில் 2003இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் 2013இல் திரும்பப் பெறப்பட்டது. ஆக 1882இன் கோட்பாடு அசைக்கப்பட்டும் அகற்றப்படாமலும் நிற்கிறது.

முடிவுரை

நிலக்கரிச் சுரங்கத்தின் தாக்கத்தை மதிப்பிட்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, நிலத்தாழ்வும் நீரிழப்பும் ஒரே இயற்பியலின் இரு முகங்கள். தூண் எடுக்கப்பட்டாலும் நீரழுத்தம் எடுக்கப்பட்டாலும் நிலம் தன் தாங்குதலை இழக்கிறது. அவற்றைப் பிரித்தது நிலவியல் அன்று, 19ஆம் நூற்றாண்டுச் சட்டம்.

இரண்டாவது, தரவு மிகுதியாக இருப்பது மதிப்பீடு நிகழ்ந்ததற்குச் சான்றாகாது. எக்கேள்விக்கு விடையாக அத்தரவு திரட்டப்பட்டது என்பதே முதன்மையானது. நெய்வேலியில் இறைப்புச் சிக்கனம் குறித்த அறிவு வளர்ந்தது. ஊர்க்கிணறு குறித்த அறிவு அதற்கு இணையாக வளரவில்லை.

மூன்றாவது, அடைபட்ட நீர்த்தாங்கியின் மேல் அமைந்த எந்தத் திட்டத்துக்கும் மதிப்பீட்டின் எல்லை, எடுக்கப்படும் நிலத்தின் எல்லையாக இருத்தல் போதாது. அழுத்தம் பரவும் எல்லையே மதிப்பீட்டின் எல்லை. சித்தேரியின் வெடிப்புப் பாறையில் ஊர் எல்லை போதுமானதாகலாம். கடலூர் மணற்கல்லில் வட்டார எல்லை வேண்டும்.

இவ்வரலாற்றின் அடுத்த பகுதி அலுவலகக் கோப்புகளில் மட்டும் கிடைப்பதன்று. ஊற்றுக்கிணறு பொங்கியதை நேரில் கண்ட தலைமுறை கடலூர் மாவட்ட ஊர்களில் முதுமையடைந்து வருகிறது. கிணறு தோண்டிய ஆண்டு, பொங்குவது நின்ற ஆண்டு, மோட்டார் வாங்கிய ஆண்டு ஆகியவற்றை ஊர்வாரியாக வாய்மொழி வரலாற்று முறையில் தொகுத்து, கண்காணிப்புத் துளைகளின் பதிவுகளோடு ஒப்பிட்டால், சுரங்கத்தின் பங்கையும் வேளாண் இறைப்பின் பங்கையும் ஓரளவு பிரித்தறிய இயலும். சுரங்கத்துக்கு முந்தைய நீர்நிலையைக் காட்டும் பதிவேடு இனி உருவாக இயலாது. எஞ்சியிருப்பது அம்முதியோரின் நினைவே. அதனைத் தொகுக்கும் பணி காலம் தாழ்த்த இயலாதது.